பெசன்ட் நகர் கடற்கரையோர ஃபாஸ்ட் ஃபுட்: ரைஸுக்குப் போங்க, ஃப்ரைஸுக்கு வேண்டாம்

எலியட்ஸ் கடற்கரைக்குப் பின்னால் உள்ள தெருக்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைக்கும் கடைகளில் ஒன்று இது. பெயர் வேண்டாம். குறையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்த வரிசையில் பாதிக் கடைகளுக்கு அது பொருந்தும். வாசலில் கடாய் அடுப்பு இரண்டு, உள்ளே எண்ணெய்ச் சட்டி ஒன்று, ஓரமாக மீன் வறுக்கும் கல். ஸ்டூல் போட்டுப் பத்துப் பதினைந்து பேர் உட்காரலாம். மற்றவர்கள் தட்டைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியதுதான். சுருக்கமாகச் சொன்னால் கடாயில் வருவது நன்றாக இருக்கிறது, சட்டியில் பொரித்து வருவது நேரத்தைப் பொறுத்தது, பார்சல் பெரும்பாலும் ஏமாற்றம்.

சிக்கன் ரைஸ் ஃபுல் 130 ரூபாய், ஹாஃப் 80. ஃபுல் ஒரு ஆளுக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டு ஆளுக்குக் கம்மி. மாஸ்டர் கை தேர்ந்தவர். கடாய் புகைய ஆரம்பித்த பிறகுதான் எண்ணெய், அது சூடேறியதும் முட்டை, முட்டை பாதி வெந்ததும் கோஸும் கேரட்டும், உடனே சோறு. சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் கடாயின் ஓரத்தில் ஊற்றுகிறார். சூட்டில் அது சுரீரென்று கருகும் வாசனைதான் தட்டில் தனியாகத் தெரிகிறது. மிளகுத்தூளும் வெங்காயத்தாளும் இறக்கும்போது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், அடியில் எண்ணெய் தேங்காமல் வருகிறது.

ஆனால் இது ஏழரை மணிவரை கிடைக்கும் ரைஸ். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போனால் அதே மாஸ்டர், அதே கடாய், வேறு ரைஸ். டோக்கன் குவிந்ததும் ஐந்தாறு பிளேட்டுக்கான சோற்றை ஒரே தடவையில் கொட்டுகிறார்கள். ஆறிய சோறு அவ்வளவு விழுந்தால் கடாயின் சூடு இறங்கிவிடும். காய் விடும் தண்ணீர் ஆவியாகப் போக வழியில்லாமல் சோற்றிலேயே நிற்கும். வறுபட வேண்டியது வேகிறது. உப்பும் ஒரே சீராகப் பரவாது, ஒரு வாய் கரிக்கும், அடுத்த வாய் சப்பென்று இருக்கும். கடல் காற்று ஓங்கி அடிக்கும் நாளில் நிலைமை இன்னும் மோசம், சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம் வைத்திருக்கிறார்கள், கடலைப் பார்த்த பக்கம் மட்டும் திறந்து கிடக்கிறது! ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை இங்குள்ள வேளாங்கண்ணி மாதா கோவில் திருவிழா. அந்த நாட்களில் இந்தப் பக்கமே வராமல் இருப்பது உத்தமம்.

சோற்றைப் பற்றி இன்னொன்று. ஃப்ரைடு ரைஸுக்கு மதியமே வடித்து, பரப்பி, ஆறவைப்பார்கள். அதில் தப்பில்லை, ஆறிய சோறுதான் உதிரும். அதை ஃபிரிட்ஜில் வைக்காமல் அகலப் பாத்திரத்தில் இரவுவரை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான் வம்பு. வெதுவெதுப்பான சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம், பழி மட்டும் சிக்கன் மேல் விழும். பத்து மணிக்கு மேல் போனால் நூடுல்ஸுக்கும் நம்பிப் போகாதீர்கள், அதுவும் வேகவைத்து எண்ணெய் தடவி வைத்ததுதான். அந்த நேரத்துக்கு முட்டை தோசையோ ஆம்லெட்டோ போதும்.

டேஸ்டிங் பவுடர் (அஜினோமோட்டோ) வேண்டாம் என்றால் போடாமல் தருகிறார்கள், முகம் சுளிப்பதில்லை. ஆனால் டோக்கன் வாங்கும்போது கல்லாவில் சொன்னால் போதாது. கடாய்க்கு நேரே போய் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும், அதுவும் தனி பிளேட்டாகப் போடும் நேரத்தில் மட்டும்தான் நடக்கும். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் கூடவே ‘உப்பு கம்மியா போடுங்கண்ணா’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொரித்த ஐட்டங்களுக்கு வருவோம். சில்லி சிக்கன் துண்டுகளை ஆறு மணிக்கே முக்கால் பதம் பொரித்து வைத்துவிடுகிறார்கள். ஆர்டர் வந்ததும் மறுபடி எண்ணெயில் போட்டு, பிறகு குடைமிளகாயோடு கடாயில் பிரட்டல். முதல் ஒரு மணி நேரம் இது நன்றாகவே வேலை செய்கிறது, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே சாறு. நேரம் ஆக ஆக நார் நாராகப் போய்விடும். ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள். எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பும் கண்ணாடி போன்ற பளபளப்பும் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

எண்ணெய்தான் பெரிய குறை. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் போலார் கூட்டுப்பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் அமலில் உள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி. இங்கே குறைகிற அளவுக்குப் புது எண்ணெயைப் பழையதன் தலையிலேயே ஊற்றுகிறார்கள். அடியில் தங்கும் சோளமாவுத் தூள் கருகி, அடுத்த ஈடு சிக்கனில் கறுப்புப் புள்ளியாக ஒட்டுகிறது. சிக்கனை எடுத்த பிறகும் சட்டியில் நுரை அடங்கவில்லை, பக்கத்தில் நின்றால் கண் எரிகிறது என்றால் அன்று பொரித்தது எதையும் வாங்காதீர்கள். கோபி 65 குடித்திருக்கும் எண்ணெயைப் பேப்பரில் ஒற்றினாலே கதை தெரிந்துவிடும்.

ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கி மணலுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். கடலோர ஈரக்காற்றில் ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். அடுப்படியிலேயே நின்று தின்றால் மட்டும் காசு செரிக்கும்.

கலர் விஷயத்தில் கடைக்கு நல்ல மார்க். காஷ்மீரி மிளகாய்த்தூளின் செம்மை எண்ணெயோடு வழிந்துவிடும், கை கழுவினால் போய்விடும். இங்கே அப்படித்தான். சோப்புப் போட்டும் விரலில் சிவப்பு நிற்கிறதென்றால் பவுடர் கலர், அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம். மயோனைஸ் முட்டை சேர்க்காத பாக்கெட் வகை. பச்சை முட்டையில் செய்வதற்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டபோது இவர்கள் மெனுவில் எதுவும் மாறவில்லை.

மீன் வறுவல் வாங்குவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கல்லில் கிடக்கும் வஞ்சிரம் ஐஸில் வெகுநாள் இருந்ததாகவோ வெகுதூரம் வந்ததாகவோ இருக்கும். வறுத்த பிறகு சதை இதழ் இதழாகப் பிரியாமல் மாவாக உதிரும், விலை மட்டும் ஏறியிருக்கும். அந்த இரண்டு மாதமும் நெத்திலி கேளுங்கள். பக்கத்திலேயே ஊரூர் குப்பத்து ஃபைபர் படகுகள் கரையோரத்தில் பிடிப்பது, மசாலா தடவுவதற்கு முன் காட்டச் சொன்னால் காட்டுகிறார்கள். கண் தெளிவாக, வயிறு உடையாமல் இருக்க வேண்டும்.

பார்சலுக்கு அலுமினிய டப்பா. மூடியை அழுத்தி மூடியதும் உள்ளே ஆவி தண்ணீராகி, பொரித்ததெல்லாம் ஊறிப்போகும். மூடியின் ஒரு மூலையைத் திறந்து விடச் சொல்லுங்கள், கிரேவியைத் தனியாகக் கேளுங்கள். சூடான கிரேவியை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கட்ட வந்தால் மறுத்துவிடுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட சமாச்சாரம் அது, இன்னும் கல்லாவுக்கு அடியிலிருந்து வருகிறது. டெலிவரி ஆப்பில் இதே ரைஸ் 170 ரூபாய், பேக்கிங் தனி. டெலிவரி தம்பிகள் வரிசையாக நிற்கும்போது நேரில் வந்தவர் டோக்கன் பின்னால் போய்விடுகிறது. நம்பரைக் கத்திக் கூப்பிடுவார்கள், ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுச் சத்தத்தில் காதில் விழாது, கடாய் தெரிகிற இடத்திலேயே நில்லுங்கள்.

பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணும் 5 சதவீதமும் சரியாகவே இருந்தன. இதே தெருவில் வேறு கடையில் ‘காம்போசிஷன்’ (சிறு கடைகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) என்று போர்டு வைத்துவிட்டு பில்லில் வரியும் சேர்த்தால் கொடுக்க வேண்டியதில்லை. அந்த முறையில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கவே கூடாது. தண்ணீர் கேன் தண்ணீர்தான், டம்ளர்கள் ஒரே வாளியில் முங்கி எழுகின்றன. பாட்டில் கொண்டுபோங்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ் டெப்போவிலிருந்து நடந்து வரலாம். செவ்வாய் புதன் ஆறரைக்குப் போனால் ஸ்டூலும் கிடைக்கும், தனி பிளேட்டாகப் போட்ட ரைஸும் கிடைக்கும்.