செயின் பல் தாண்டும் தொல்லை: செயினையும் கேசட்டையும் மாற்றி இரண்டரை வருடம் ஓட்டிய பிறகு

சைக்கிளில் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல் தாண்டினால் எப்படி இருக்கும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். 'டக்' என்று ஒரு சத்தம், கால் அப்படியே கீழே போய்விடும், முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். எனக்கு முதலில் எப்போதாவது ஒரு தடவை வந்தது, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, கடைசியில் சிக்னலில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து மிதிக்கும்படி ஆகிவிட்டது. அப்போது வண்டி 6000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. எல்லாம் வண்டியோடு வந்த அதே செயினில்தான். பின்னால் 9 ஸ்பீடு கேசட், அதாவது ஒன்பது பல்சக்கரங்களின் அடுக்கு, 11 பல்லிலிருந்து 32 வரை. முன்னால் 44, 32, 22 பல் என்று மூன்று வளையம்.

செயின் கழன்று விழுவது வேறு, பல் தாண்டுவது வேறு. இதைப் புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. கியர் கேபிள் தளர்ந்திருக்கும் என்று நினைத்துத் திருகியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. ஒரு மெக்கானிக் செயினில் இரண்டு கண்ணியை எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி எடுத்தும் கொடுத்தார். கியர் இல்லாத சைக்கிளில் தொங்கும் செயினை அப்படி இழுத்துக் கட்டலாம், ஆனால் தேய்மானம் கண்ணிக்குக் கண்ணி இருக்கிறது, இரண்டை எடுத்தால் மீதி நூற்றுச் சொச்சமும் அதே தேய்மானத்தோடுதான் ஓடும். கியர் வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: செயின் நீளம் குறைந்துபோனால் முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று கியர் விழும்போது செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பின்பக்க டீரெய்லர் முழுக்க இழுபட்டு உடையலாம்.

உங்கள் வண்டியில் பல் தாண்டினால் முதலில் எப்போது தாண்டுகிறது என்று கவனியுங்கள். லேசாக மிதித்தாலும் சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் வந்தால், ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருக்கிறது. பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் டீரெய்லரின் சின்னச் சக்கரங்களைத் தாண்டும்போது அந்தக் கண்ணி மட்டும் எகிறுவது கண்ணுக்கே தெரியும். கியர் தானாக மாறி மாறி விழுந்தால் கேபிளையும், டீரெய்லர் தொங்கும் காது போன்ற தகடு வளைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அழுத்தி மிதித்தால் மட்டும், அதுவும் அடிக்கடி ஓட்டும் ஒன்றிரண்டு கியரில் மட்டும் தாண்டுகிறது என்றால் அநேகமாகத் தேய்மானம்தான். எனக்கு இருந்தது இந்த மூன்றாவது வகை.

சரி என்று புது செயின் வாங்கினேன். மாற்றுவதற்கு முன் பழையதையும் புதியதையும் ஒரே ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, 110 கண்ணி எண்ணிப் பார்த்தேன். பழையது ஒரு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கி நின்றது, கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர். செயின் 'நீண்டுவிட்டது' என்று சொல்கிறோமே தவிர இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் கண்ணிகளைக் கோக்கும் பின்னும் (pin) அது சுழலும் இடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி நூறு மூட்டில் சேர்ந்தால் இப்படித் தெரிகிறது.

புது செயினைப் போட்டு ஓட்டினால் நிலைமை முன்பைவிட மோசம்! 13, 15 பல் சக்கரங்களில் நான்கு மிதிக்கு ஒரு தடவை தாண்டியது. 26, 32இல் ஒரு தொந்தரவும் இல்லை. செயின் தேயத் தேய, அதன் இடைவெளிக்கு ஏற்றபடி கேசட்டின் பல்லும் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே கெட்டுப்போனதால் ஒன்றோடொன்று ஓரளவு ஒத்துப்போய் ஓடின. சரியான 12.7 மில்லிமீட்டர் இடைவெளியோடு வந்த புது செயினுக்கு அந்தப் பல்லில் உட்கார இடமில்லை, பாரம் முழுவதும் ஒரு பல்லில் விழ, அந்தச் சரிவில் ஏறித் தாண்டிவிடுகிறது. சின்னச் சக்கரம் சீக்கிரம் தேய்வதற்கும் கணக்கு இருக்கிறது. முன்னால் 44, பின்னால் 11 என்றால் பெடல் ஒரு சுற்று வருவதற்குள் பின்சக்கரப் பல் நான்கு சுற்று வந்துவிடும், பாரத்தைத் தாங்கப் பங்குக்கு வரும் பல்லும் அங்கே குறைவு.

பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நம்பாதீர்கள். கியர் எளிதாக மாற வேண்டும் என்பதற்காகவே கேசட்டில் சில பற்களைக் குட்டையாக, கோணலாகச் செய்திருப்பார்கள், புது கேசட்டும் பார்க்கத் தேய்ந்ததுபோல இருக்கும். புது செயின் போட்டு ஒவ்வொரு கியரிலும் மேடேறிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

அப்புறம் கேசட்டையும் வாங்கி நானே மாற்றினேன். பூட்டு வளையத்துக்கான பல் வைத்த சாவி ஒன்றும், சக்கரம் சுற்றாமல் பிடிக்க ஒரு துண்டு செயின் கோத்த பிடியும் இருந்தால் போதும். கேசட் உட்காரும் பின்சக்கர உருளையில் இருக்கும் வரிப்பள்ளங்களில் ஒன்று மட்டும் அகலத்தில் வேறுபடும், அதற்கு நேராக வைத்தால்தான் சக்கரங்கள் இறங்கும், கோணம் தப்பாகப் போட வழியே இல்லை. பூட்டு வளையத்தை இறுக்கும்போது கடைசியில் 'கடகட'வென்று சத்தம் வரும், எதையோ உடைத்துவிட்டோம் என்று கையை எடுத்துவிடாதீர்கள், அதன் அடியில் உள்ள வரிகள் பதிகிற சத்தம் அது. 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும், நல்ல பலம் கொடுக்கத்தான் வேண்டும். செயினின் இணைப்புக் கண்ணியை மேல்பக்கமாகக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்தக் கண்ணி உங்கள் ஸ்பீடுக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். பழைய வண்டிகளில் கேசட்டுக்குப் பதில் திருகிப் போடும் ஃப்ரீவீல் இருக்கலாம், அதற்குச் சாவியே வேறு.

முதல் நாள் ஓட்டியபோது வண்டி என்னுடையதுதானா என்று இருந்தது. எழுந்து நின்று முழு எடையையும் போட்டு மிதித்தேன், சத்தமே இல்லை. கால் இத்தனை நாள் எவ்வளவு பயந்து மிதித்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இந்த இரண்டரை வருடத்தில் 7000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக ஓட்டியிருக்கிறேன். அதே கேசட், ஆனால் இப்போது ஓடுவது மூன்றாவது செயின். அளக்க என்னிடம் இருப்பது சாதாரண 30 சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல். உள்கண்ணி வெளிக்கண்ணி இரண்டையும் தனித்தனியாக எண்ணி 20 கண்ணி, ஒரு பின்னின் நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடுவரை அளந்தால் புது செயினில் 254 மில்லிமீட்டர் வரும். 256ஐத் தொட்டால் முக்கால் சதவீதத்தைத் தாண்டிவிட்டது, 8, 9, 10 ஸ்பீடு செயினை அதற்குமேல் ஓட்டக் கூடாது. 11 ஸ்பீடும் அதற்கு மேலும் என்றால் அரை சதவீதத்திலேயே, அதாவது 255 தாண்டியதுமே மாற்றுவது நல்லது. செயினை இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும், தொய்வாக இருந்தால் கணக்கு தப்பும். நான் 255.5இலேயே மாற்றிவிடுகிறேன். முதலாவது 2900 கிலோமீட்டர் தாங்கியது, இரண்டாவது மழைக்காலம் முழுக்க ஓடியதால் 2400இலேயே போய்விட்டது. இரண்டு முறையும் புது செயின் பழைய கேசட்டில் ஒரு பல்கூடத் தாண்டாமல் உட்கார்ந்தது.

இடையில் முன்பக்க 32 பல் வளையத்தையும் மாற்ற வேண்டி வந்தது. பல் கொக்கிபோல வளைந்து, செயினை விடாமல் பிடித்துத் தன்னோடு மேலே இழுத்துக்கொண்டு போனது. மற்ற இரண்டும் நன்றாகவே இருந்ததால் தொடவில்லை.

எண்ணெய் விஷயத்தில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். முன்பெல்லாம் மேலே ஊற்றிவிட்டு அப்படியே ஓட்டுவேன், மண்ணும் எண்ணெயும் குழைந்து கறுப்பாக அப்பிக்கொள்ளும், அது அரம் மாதிரி வேலை செய்கிறது. இப்போது செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஊறவிட்டு, வெளியே இருப்பதையெல்லாம் துணியால் அழுத்தித் துடைத்துவிடுகிறேன். மழையில் நனைந்தால் அன்றைக்கே.

போன ஞாயிறு அளந்தபோது மூன்றாவது செயின் 255இல் நிற்கிறது. நான்காவது செயினை இப்போதே வாங்கி டிராயரில் வைத்திருக்கிறேன்.