ரூத் பிரவுன்: பல வருடம் கேட்ட பிறகு

அமெரிக்கப் பாடகி ரூத் பிரவுனின் பாட்டுகளைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். 1950-களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களிடையே வளர்ந்த தாளம் மிகுந்த இசை) பாடகிகளில் யாரிடமிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் இவர் பெயரைத்தான் சொல்வேன். புதிதாகக் கேட்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கேட்டுக் கேட்டுப் பழகின பிறகு எது நிற்கிறது, எது சலிக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் அதிகம் கேட்பது 1989-ல் வெளிவந்த 'மிஸ் ரிதம்' என்ற இரட்டைக் குறுந்தகடு. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தில் அவர் இருந்த காலத்துப் பாட்டுகள் 40 இதில் இருக்கின்றன. பெரும்பாலானவை மூன்று நிமிடத்தைத் தாண்டாது. அந்த நாள் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும். அந்த அளவுக்குள் ஒரு பெண்ணின் முழு வழக்கையும் சொல்லி முடித்துவிடுவார்.

எல்லோரையும் போல என்னையும் முதலில் பிடித்தது 1953-ல் வந்த 'மாமா, ஹி ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்'. தன் ஆள் தன்னைச் சரியாக நடத்தவில்லை என்று ஒரு பெண் அம்மாவிடம் முறையிடும் பாட்டு. பின்னால் டாம்பரின் குலுங்கிக்கொண்டே வரும். அதன் மேல் ரூத் நிதானமாக வரியை எடுப்பார். வார்த்தை முடிகிற இடத்தில் குரல் சட்டென்று மேலே ஏறி, ஒரு கீச்சொலியாக உடையும். அழுகையா அதட்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல ஹெட்போனில் கேட்டால் ஒன்று புரியும்: அந்த உடைவை அவர் எல்லா வரியிலும் வைப்பதில்லை. சில வரிகளை அப்படியே விட்டுவிட்டு, நாம் எதிர்பாராத இடத்தில் கொண்டுவந்து வைப்பார். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பாட்டு எனக்குப் பழசாகாததற்கு இதுதான் காரணம். ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் தன் பாணிக்கு இவரிடம் கடன்பட்டதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவர் பாட்டில் வரும் கூவல்களைக் கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

ரூத் 1928-ல் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்தில் பிறந்தவர். அப்பா துறைமுகத் தொழிலாளி, தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். மகள் ப்ளூஸ் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. வாஷிங்டனில் ஒரு கிளப்பில் பாடிக்கொண்டிருந்த ரூத்தைப் பற்றி வானொலி அறிவிப்பாளர் வில்லிஸ் கானவர்தான் அட்லாண்டிக்குக்குச் சொன்னார். நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் பாடப் போகிற வழியில், 1948-ல், பென்சில்வேனியாவில் கார் விபத்து. கால்கள் நொறுங்கி மாதக்கணக்கில் படுக்கை. தன் 21-வது பிறந்தநாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கால் வலி கடைசிவரை போகவில்லை.

முதல் பதிவு 'ஸோ லாங்', 1949. மெதுவான பாட்டு. அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ரூத் மனதளவில் மெதுவான பாட்டுகளின் பாடகி. துள்ளலான பாட்டுகளுக்கு அவரைத் திருப்பியது நிறுவனம். 1950-ல் 'டியர்ட்ராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்புறம் அவரை யாரும் பழைய வழிக்கு விடவில்லை. இவர் பாட்டுகளால் வளர்ந்த அட்லாண்டிக்குக்கு 'ரூத் கட்டிய வீடு' என்றே பெயர் வந்துவிட்டது.

நீண்ட நாள் கேட்டதில் என் விருப்பமும் மெல்ல மாறியது. துள்ளல் பாட்டுகள் உடனே பிடித்துக்கொள்ளும். மெதுவான பாட்டுகள் பிறகு வந்து தங்கிவிடும். இன்று நான் தேடிப் போடுவது 1954-ல் வந்த 'ஓ வாட் எ ட்ரீம்' பாட்டைத்தான். சக் வில்லிஸ் எழுதியது. அதில் கீச்சொலியை ரூத் அநேகமாக ஒதுக்கி வைத்துவிடுகிறார். மூச்சை எங்கே எடுக்கிறார் என்று கவனித்துக்கொண்டே கேட்கலாம். இதே பாட்டை பாட்டி பேஜ் (Patti Page) என்ற வெள்ளைப் பாடகி பாடி வெள்ளையர் சந்தைக்குக் கொண்டு போனார். ரூத்தின் பல பாட்டுகளின் கதை இப்படித்தான் போனது. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள், நான் மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

'5-10-15 அவர்ஸ்' இன்றும் சலிக்காத இன்னொன்று. வில்லிஸ் ஜாக்சனின் சாக்ஸபோனுக்காகவே கேட்கலாம். 1957-ன் 'லக்கி லிப்ஸ்' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. பதின்வயதுக்காரர்களைக் குறிவைத்துச் செய்த பாட்டு. பொதுப் பட்டியலில் 25-வது இடம் வரை போனது, ஆனால் ரூத் அதில் பாதிதான் இருக்கிறார்.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பப் பதிவுகள் எல்லாம் மோனோ, அதாவது ஒரே ஒலித்தடம். அட்லாண்டிக் அலுவலக அறையிலேயே மேஜைகளை ஒதுக்கிவிட்டுப் பதிவு செய்த காலம் அது. பொறியாளர் டாம் டவுட். சின்ன ஸ்பீக்கரில்கூட குரல் முன்னால் வந்து நிற்கும். பாஸை மட்டும் கூட்டாதீர்கள், சாக்ஸபோன் மங்கிவிடுகிறது. இணையத்தில் தேடும்போதும் கவனம் வேண்டும். பின்னாளில் வேறு நிறுவனங்களுக்காகப் பழைய பாட்டுகளையே மறுபடி பாடியிருக்கிறார். 'மாமா' கேட்பதானால் 1953 பதிவுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாட்டுகளுக்காக அவருக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்பதை அறிந்த பிறகு நான் கேட்கும் விதமே மாறிவிட்டது. 1960-களில் வீட்டு வேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். பதிவுச் செலவையெல்லாம் பாடகர்கள் கணக்கில் எழுதும் வழக்கத்தால், ஏட்டில் அவர்தான் நிறுவனத்துக்குக் கடன்காரர். 1980-களில் ஹாவல் பெகிள் என்ற வழக்கறிஞர், சிறு வயதிலிருந்தே ரசிகர், அதிக விலைக்கு வாங்கிய பழைய தட்டுகளில் கையெழுத்துக் கேட்டுப் போனார். அந்தத் தட்டுகளால் தனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்று ரூத் சொல்ல, வழக்கை அவர் கையில் எடுத்தார். 1988-ல் அட்லாண்டிக் இறங்கி வந்தது. ரூத்தின் பழைய கடனையும் வேறு 35 கலைஞர்களின் பழைய கடன்களையும் தள்ளி, 20 வருட நிலுவையையும் தர ஒப்புக்கொண்டது. பழைய கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் தொடங்கப் பணமும் கொடுத்தது. தனக்கு மட்டும் என்று நிற்காமல் மற்றவர்களுக்கும் சேர்த்து அவர் போராடியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அதன் பிறகு 'பிளாக் அண்ட் ப்ளூ' மேடை நிகழ்ச்சிக்காக அமெரிக்க நாடக மேடையின் டோனி விருது, 'ப்ளூஸ் ஆன் பிராட்வே' தொகுப்புக்காகக் கிராமி விருது. 2006-ல் மறைந்தார். பின்னாள் தொகுப்புகளை அசட்டையாகத் தாண்டிப் போகாதீர்கள். 1997-ல் வந்த 'ஆர் பிளஸ் பி ஈக்வல்ஸ் ரூத் பிரவுன்' தொகுப்பில் குரல் கனத்து, கீழே இறங்கியிருக்கிறது. கீச்சொலி குறைந்திருக்கிறது, சொல்லை இழுத்துப் பேசும் தெம்பு கூடியிருக்கிறது. புதியவர்கள் 'மாமா'வில் தொடங்கி, 'ஓ வாட் எ ட்ரீம்' வந்து, பிறகு இந்தத் தொகுப்புக்குப் போகலாம். 'லேட் டேட்' என்ற 1959 இசைத்தட்டை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரிய இசைக்குழுவோடு, தனக்குப் பிடித்த மெதுவான பாட்டுகளை ஆசை தீரப் பாடியிருக்கிறார்.