வேகமாக வளரும் குஞ்சா, தாங்கி நிற்கும் குஞ்சா?

வேதாரண்யம் பக்கம் வன்னமெய் இறால் வளர்ப்பவர்கள் குஞ்சு வாங்கும்போது இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். சென்ற ஆடியில் அடுத்தடுத்த இரண்டு ஒரு ஏக்கர் குளங்களில் இரண்டு வகையையும் விட்டுப் பார்த்தேன். இனி நான் வாங்கப்போவது நோய் தாங்குதிறன் வகையைத்தான்.

இரண்டும் 2009-இல் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அதே வன்னமெய்தான். தாய் இறாலைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் வேறு. ஒன்றில் எடை கூடிய குடும்பங்களையே தலைமுறைதோறும் பொறுக்குகிறார்கள். மற்றதில் ஒரு குடும்பத்தின் குஞ்சுகளில் சிலவற்றை நோய்க்கிருமி கலந்த தொட்டியில் விடுகிறார்கள். எந்தக் குடும்பம் அதிகம் பிழைக்கிறதோ, அதன் உடன்பிறப்புகள் தாய் இறாலாகின்றன. ஹவாயில் இறாலைக் கொல்லும் டாரா வைரஸைத் தாங்கும் இறாலை இப்படித் தேர்ந்தெடுத்தபோது வளர்ச்சி சற்றுப் பின்தங்கியது. ‘கிருமியற்ற குஞ்சு’ என்று விற்பதை நோய் தாங்கும் குஞ்சு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். குறிப்பிட்ட கிருமிகள் அதனிடம் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். நம் குளத்துக் கிருமியை அது தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

வளர்ச்சியில் வேக வகையை அடித்துக்கொள்ள ஆளில்லை. 60-ஆம் நாள் வீச்சுவலையில் வந்த இறாலைப் பார்த்து எடைத்தராசையே சந்தேகித்தேன். புரட்டாசியில் நான்கு நாள் விடாமல் மழை. குளத்து நீரில் உப்பு இறங்கியது. ஐந்தாம் நாள் விடியலில் தீவனத் தட்டைத் தூக்கினால் குருணை அப்படியே கிடந்தது. கரையோரம் வெள்ளை நூல்போலக் கழிச்சல் மிதந்தது. ஓர் இறாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், குடல் வெறுமையாக இருந்தது. 75-ஆம் நாளே பிடித்துவிட்டேன். பாதிக்கும் மேல் போயிருந்தது. கிலோவுக்கு 65 இறால் என்ற எண்ணிக்கை; எண்ணிக்கை குறையக் குறைய இறால் பெரிது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

தாங்குதிறன் வகை விட்ட பக்கத்துக் குளம் இரண்டு நாள் தீவனம் குறைத்து எடுத்தது, பிறகு தேறிவிட்டது. 100-ஆம் நாள் 52 எண்ணிக்கையில் பிடித்தோம்.

இந்தத் தொழிலில் செலவில் பாதிக்கும் மேல் தீவனம். அதிலும் முதல் மாதம் தின்பது சொற்பம். இறால் பருக்கப் பருக்க மூட்டை மூட்டையாகப் போகும். எனவே 20-ஆம் நாள் சாகும் குஞ்சு குஞ்சு விலையோடு போகிறது. 70-ஆம் நாள் சாகும் இறாலோ அதுவரை தின்ற தீவனத்தையும் கொண்டுபோகிறது. மெதுவாக வளர்வதால் எனக்குக் கூடிய செலவு சில வாரத் தீவனமும் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டருக்கான மின்சாரமும்தான். அந்தத் தீவனமும் எடையாகத் திரும்பி வந்தது.

மழைக்கு முன்பே பிடித்துவிடும் தை, மாசியில் குஞ்சு விடும் போகத்துக்கு வேக வகை லாபமாக இருக்கலாம். நான் ஒரு போகம்தான் ஒப்பிட்டிருக்கிறேன். வெள்ளைப்புள்ளி நோயும் அந்தப் போகத்தில் என் குளத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் தாங்குதிறன் வகையும் நின்றிருக்கும் என்று சொல்லமாட்டேன். அதனால் அந்த நோயைக் கொண்டுவரும் நண்டையும் பறவையையும் தடுக்கும் நண்டு வேலியையும் பறவைக் கயிற்றையும் இன்னும் அவிழ்க்கவில்லை.