பம்புசெட் டைமருக்கு எந்தக் கடிகாரம்?

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, அடைப்பது ஜனவரி 28. இடையே 230 நாள். பம்புசெட் டைமரானாலும் வாய்க்கால் நீர்மட்டக் கருவியானாலும், ஒருமுறை நேரம் வைத்துவிட்டு இத்தனை நாளும் தொடாமலிருந்தால் எவ்வளவு விலகும்? டெல்டாவில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

முதலில் ஒதுக்க வேண்டியது, மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸை நம்பி ஓடும் வட்டத்தட்டு டைமர். பேட்டரி இல்லாத ரகம் கரண்ட் போனால் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால், காலை 5 மணிக்கு ஓட வேண்டிய மோட்டார் 7 மணிக்குத்தான் ஓடும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊரானால், அந்த நேரமே தப்பிவிடும்.

அடுத்து, பேட்டரியோடு ஓடும் கடிகாரச் சிப்கள். டிஎஸ்1307 சிப் மலிவு. ஆனால் அதற்குத் துடிப்பு கொடுக்க வெளியே மாட்டும் குவார்ட்ஸ் கிரிஸ்டலில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை சகஜம்: நாளுக்கு 1.7 வினாடி, பருவம் முடிவதற்குள் ஆறரை நிமிஷம். 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக ஓடும், சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். வெயிலில் தகரப் பெட்டிக்குள் 55 டிகிரி ஏறினால் இன்னும் 30 பிபிஎம் பின்தங்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. சால்டர் செய்த இடத்தில் ஃப்ளக்ஸ் பசை மிச்சமிருந்தால் ஈரம் பிடித்துக் கசிவு உண்டாகி, கடிகாரம் அப்படியே நின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்தபின் வார்னிஷ் அடிக்க வேண்டும்.

இன்னொரு சிப்பான டிஎஸ்3231-இல் கிரிஸ்டல் உள்ளேயே இருக்கிறது. 64 வினாடிக்கு ஒருமுறை வெப்பம் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 40 டிகிரி வரை 2 பிபிஎம், அதாவது 230 நாளில் 40 வினாடி. அதற்கு மேல் சூடானாலும் 70 வினாடியைத் தாண்டாது. எண்ணின் கடைசியில் ‘எம்’ இருந்தால் அது 5 பிபிஎம் ரகம், பார்த்து வாங்குங்கள். இந்தச் சிப் பதித்து வரும் நீல நிற மாட்யூலில் ஒரு வில்லங்கம் உண்டு. 5 வோல்ட் கொடுத்தால் டயோடு, 200 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பேட்டரிக்குச் சார்ஜ் போகும். சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032 பட்டன் பேட்டரியைப் போட்டால் உப்பும், கசியும். அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

ஜிபிஎஸ் மாட்யூலின் வினாடித் துடிப்பு மைக்ரோவினாடிக்கும் கீழே துல்லியம். அது இங்கே தேவையா? வெண்ணாற்றில் 3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நீர்மட்டக் கருவிகள் இருக்கின்றன, நீர் வினாடிக்கு 0.8 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். வந்துசேர 62 நிமிஷம் ஆகும். கடிகாரங்கள் ஒரு நிமிஷம் விலகினாலும் வேகக் கணக்கில் பிழை 1.6 சதவீதம்தான். இதற்காகக் கூரைக்கு மேல் ஆன்டெனா வைத்து, கூடுதலாக 40, 50 மில்லிஆம்பியர் செலவழிப்பது வீண்.

செல்போன் சிக்னல் இருக்கும் இடத்தில் டிஎஸ்3231-ஐ வாரம் ஒருமுறை, இணையத்தில் நேரம் தரும் என்டிபி மூலம் திருத்தினால் போதும். நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் வரும், இந்திய நேரத்துக்கு 19800 வினாடி (ஐந்தரை மணி நேரம்) கூட்டுங்கள். 5:00:03 ஆக இருந்த கடிகாரத்தை 4:59:58-க்குப் பின்னால் இழுத்தால் 5 மணி மறுபடி வரும், மோட்டார் ஸ்டார்ட்டர் இரண்டாம் முறை அடிக்கும். ‘இன்று ஓடியாயிற்று’ என்ற குறியைத் தேதியோடு சேமித்து வைத்து, ஸ்டார்ட் கொடுக்குமுன் அதைப் பார்க்கும்படி எழுதுங்கள். திருத்துவதையும் மோட்டார் ஓடாத நடுப்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.