கான் அகாடமியில் ஒரு டர்னரின் எட்டு மாதங்கள்

கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் ஓட்டுகிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பட்டறைக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. டேப்பர், அதாவது ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்த கூம்பு வடிவம், கடைவதற்கு எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணன் ஒரு கணக்குச் சொன்னார்: பெரிய விட்டத்திலிருந்து சிறியதைக் கழி, நீளத்தால் வகு, 28.65 ஆல் பெருக்கு, வருகிற டிகிரிக்குக் காம்பவுண்ட் ஸ்லைடை (லேத்தில் வெட்டும் உளியைத் தாங்கும், திருப்பக்கூடிய பகுதி) திருப்பு. விட்டம் 50 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர், நீளம் 60 என்றால் 4.775 டிகிரி. ஜாப், அதாவது கடையும் பொருள், சரியாகவே வரும். அந்த 28.65 எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வயதில் கணக்கு நோட்டை எடுத்தேன்.

முதலில் பணம் கட்டி ஒரு செயலியில் சேர்ந்தேன்; பெயர் வேண்டாம். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். எனக்குப் புரிந்ததா என்று அது ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அடுத்த வகுப்பை வாங்கச் சொல்லி, மெஷின் ஓடும் நேரத்தில் தவறாமல் போன் வரும். இரண்டாம் மாதம் நிறுத்திவிட்டேன்.

பிறகு கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளத்துக்கு வந்தேன். அதற்குக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை, நன்கொடையில் நடக்கிறது. அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் 2004இல் வேறு ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் தொடங்கியது இது. 2006இல் யூடியூபுக்கு வந்தது, 2008இல் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது. அந்தத் தொடக்கத்தின் தடம் கணக்கு வீடியோக்களில் இன்றும் இருக்கிறது. கறுப்புப் பலகையில் வண்ணக் கோடுகள் விழுகின்றன, குரல் மட்டும் கேட்கிறது. நம் நோட்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்காட்டுவது போல இருக்கும்.

நேராக முக்கோணவியலுக்குப் போனேன், தடுக்கி நின்றேன். குறை முக்கோணத்தில் இல்லை, விகிதத்தில் இருந்தது. பின்னத்தைச் சமன்பாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோகத் தெரியவில்லை. ஏழாம் வகுப்புப் பாடம் வரை இறங்கினேன். அந்தத் தளத்தின் மீது எனக்கு மதிப்பு வந்தது அங்கேதான். எந்த வகுப்புக்கும் இறங்கலாம், எத்தனை நாளும் தங்கலாம். வயது கேட்டு யாரும் வழிமறிப்பதில்லை, பூட்டிவைத்த பாடமும் இல்லை.

பயிற்சிக் கணக்கில் விடை தவறினால் உடனே சரியான விடையைக் காட்டிவிடாது; மறுபடி முயலச் சொல்லும். குறிப்புக் கேட்டால் ஒரு தடவைக்கு ஒரு படி மட்டும் திறக்கும். அதன் பிறகு நாம் விடையைப் போட்டாலும் அது சரிக்கணக்கில் சேராது. இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பரிச்சயம், தேர்ச்சி, முழுத்தேர்ச்சி என்று ஒவ்வொரு திறனுக்கும் நிலைகள் உண்டு. அலகுத் தேர்வில் அதே திறனில் தவறினால் நிலை கீழே இறங்கும். மைக்ரோமீட்டர் பிடிப்பவனுக்கு இதன் நியாயம் புரியும். நேற்று சரியாக இருந்த அளவை இன்றும் பார்த்தாக வேண்டும்.

மூன்றாம் மாதம் செங்கோண முக்கோணப் பாடத்தில் என் ஜாப்பையே கண்டேன். டேப்பரை நடுக்கோட்டில் பிளந்தால் மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம். விட்ட வித்தியாசத்தில் பாதி எதிர்ப்பக்கம், நீளம் அடுத்துள்ள பக்கம். 5ஐ 60ஆல் வகுத்தால் வருவதுதான் டேன்ஜன்ட்; அதற்கு உரிய கோணத்தைக் கண்டால் 4.76 டிகிரி. பிறகு, கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியன் பற்றிய பாடம் வந்தது. ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 டிகிரி, அதில் பாதிதான் 28.65! கோணம் சிறியதாக இருக்கும்வரை டேன்ஜன்டும் ரேடியன் அளவும் ஏறக்குறைய ஒன்று என்பதால்தான் அண்ணனின் கணக்கு பலித்தது. விட்டம் 60, 20, நீளம் 40 என்று போட்டுப் பார்த்தேன். பழைய கணக்கில் 28.65 டிகிரி, உண்மையில் 26.57. இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. செங்குத்தான டேப்பரில் எத்தனை ஜாப்பைத் திரும்பக் கடைந்திருக்கிறேன்!

நான் படித்தவை ஆங்கிலப் பாடங்கள். முதல் சில வாரம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னாள். பிறகு எழுத்து வடிவத்தையும் படத்தையும் வைத்து நானே பிடித்துக்கொண்டேன். ஒரே செங்கோண முக்கோணம் ஜியோமெட்ரி பாடத்திலும் உண்டு, டிரிகோனோமெட்ரி பாடத்திலும் உண்டு. எதில் தொடங்குவது என்று தனியாகப் படிப்பவருக்குக் குழப்பம் வரலாம். இதை இன்னும் தெளிவாக்க வேண்டும். நம் ஊரில் படித்தவர்கள் என்.சி.இ.ஆர்.டி. (மத்திய அரசின் பாடநூல் அமைப்பு) முறைப்படி வகுப்பு வாரியாகப் பிரித்திருக்கும் இந்தியப் பாடங்களில் தொடங்குவது நல்லது. போனில் வீடியோ பார்க்கலாம், ஆனால் கணக்குப் போடப் பெரிய திரை வேண்டும். பக்கத்தில் நோட்டும் பென்சிலும் கட்டாயம்.

போன வாரத் தேர்வில் இரண்டு திறன்கள் முழுத்தேர்ச்சியிலிருந்து இறங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. காலையில் அவற்றோடுதான் உட்காரப்போகிறேன்.