நிழலா, நீர்த்தூவலா, வெள்ளைப் பூச்சா? வெயிலில் காத்திருக்கும் இடத்துக்கு எது சரி

ரேஷன் கடை வாசலோ பேருந்து நிறுத்தமோ, மதிய வெயிலில் முப்பது பேர் நிற்கும் இடம். பத்து மீட்டருக்கு ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைக் குளிர்விக்கப் பச்சை வலை, கீற்றுப் பந்தல், தகரக் கொட்டகை, தரைக்கு வெள்ளைப் பூச்சு, நீர்த்தூவல், மரக்கன்று என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெரும்பாலோர் பார்ப்பது காற்றின் வெப்பநிலையை. வெட்டவெளியில் அது பாதிக் கணக்குதான். மே மாத உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட்டை ஒட்டி இறங்குகிறது. மர நிழலுக்குள் காற்று ஒன்றிரண்டு டிகிரிதான் குறைந்திருக்கும். ஆனாலும் 'அப்பாடா' என்று வருவது, அந்த வாட்டெல்லாம் தலைக்கு மேலேயே நின்றுவிடுவதால். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் உள்ள பரப்பு எவ்வளவு சுடுகிறது, எவ்வளவு வெயிலைத் திருப்பி அடிக்கிறது என்று கேட்டாலே பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

முதலில் கழிவது வெள்ளைத் தரை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் 2020இல் தார்ச்சாலைகளில் வெளிர்நிறப் பூச்சு அடித்து, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அளந்து பார்த்தது. பகலில் சாலைப் பரப்பு சுமார் 6 டிகிரி குறைந்தது. ஆனால் அதன்மேல் நிற்பவர் மீது படும் வெப்பமோ நண்பகலில் சுமார் 3 டிகிரி கூடியது. தரை விழுங்காத வெயில் முகத்துக்குத்தானே வரும்! அந்தப் பூச்சை மொட்டை மாடியில் அடித்தால் நல்ல பலன் உண்டு. ஆள் நிற்கும் இடத்தில் வேண்டாம். அழகுக்காக விரிக்கும் பிளாஸ்டிக் புல் இன்னும் மோசம், வெயிலில் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

மிஞ்சுபவற்றில் உடனே கிடைப்பது நிழல். எல்லா நிழலும் ஒன்றல்ல. தகரக் கூரை மதியம் 60 டிகிரி சுடும். அதன் அடிப்பரப்பு, 35 டிகிரியில் இருக்கும் கீற்றைவிடச் சதுர மீட்டருக்குச் சுமார் 190 வாட் கூடுதலாகத் தலைமேல் வீசும். நிழலில் நின்றும் உச்சந்தலை காய்வது இதனால்தான். இருக்கும் தகரத்தைப் பிரிக்க முடியாவிட்டால் மேலே வெள்ளை அடித்து, கீழே 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ பாயோ தொங்கவிட்டால் போதும். இடைவெளியின் இரு முனையும் திறந்திருக்க வேண்டும். கூரைச் சூட்டை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளப்பவர்கள், பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வைக்கவும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் சூடு ஏறியபின் டேப்பின்மேல் அளக்க வேண்டும்.

சவுக்குக் கம்பு நட்டுப் போடும் கீற்றுப் பந்தல் சூட்டை அடியில் இறக்காது, காற்றையும் தடுக்காது. குளிர்ச்சியில் அதை மிஞ்ச வேறு கூரை இல்லை. ஆனால் தீ. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ கீற்றுக் கூரையில்தான் பரவியது. பள்ளி, அடுப்பு, மின்கம்பி பக்கத்தில் கீற்றை நினைத்தும் பார்க்கக் கூடாது. கீற்றுக்கு அடுத்தது வலை.

வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் வலை போதும். 90 சதவீத வலை கப்பற்பாய்போல் காற்றை வாங்கிக் கம்பத்தைச் சாய்க்கும். 50 சதவீத வலையை இரண்டாக மடித்தால் முழு நிழல் வரும் என்று சில கடைகளில் சொல்வார்கள். பாதியில் பாதி வெயில் உள்ளே வரும், ஆக அதுவும் 75தான். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துக் கயிறு கோத்துத் தைத்து, இரண்டு மீட்டருக்கு ஒரு துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி இழுத்து அதன்மேல் விரிக்கவும். வலையின் கண்ணிலேயே நேராகக் கட்டினால் முதல் கோடை மழைக் காற்றில் கிழியும்.

பலரும் கோட்டை விடுவது மாலை வெயிலில். சென்னையில் மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் சுமார் 34 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது 3.5 மீட்டர் உயரக் கூரையின் நிழல் 5 மீட்டர் கிழக்கே தள்ளி விழும். ஆறு மீட்டர் அகலப் பந்தலில் ஏறக்குறைய முழு வரிசையும் வெயிலில். எனவே மேற்குப் பக்கம் தொங்குதட்டி கட்டாயம். 2024 கோடையில் புதுச்சேரி சிக்னல்களில் கட்டிய பச்சை வலைகள் பாராட்டைப் பெற்றன. உச்சிவேளைக்கு அது தக்க ஏற்பாடு. ஆனால் பேருந்தும் லாரியும் போக 5.5 மீட்டர் உயரம் விட்டால் 4 மணி நிழல் 8 மீட்டர் தள்ளிப்போய்விடும்.

நீர்த்தூவலுக்கு ஊரைப் பார்க்க வேண்டும். 40 டிகிரி, 25 சதவீத ஈரப்பதம் உள்ள வேலூர் மதியத்தில் தண்ணீர் ஆவியாகிக் காற்றை அதிகபட்சம் 15 டிகிரிவரை இறக்க இடமுண்டு. வெட்டவெளியில் அதில் மூன்றிலொரு பங்கு கிடைத்தாலே லாபம். கடற்காற்று வந்தபின் 35 டிகிரி, 65 சதவீதம் உள்ள சென்னையில் மொத்த இடமே 5, 6 டிகிரிதான். வியர்வை உலர்வதும் தடைபடும். அங்கே அந்தக் காசுக்கு நிழலில் நான்கு மின்விசிறி மேல். வேலூரிலும் 70 பார் (காற்றழுத்தத்தைப்போல் சுமார் 70 மடங்கு) அழுத்தப் பம்பு இல்லாமல் வீட்டுக் குழாய் அழுத்தத்தில் வைத்தால் துளி பெரிதாகிச் சட்டைதான் நனையும். மணிக்கு 5 லிட்டர் தூவும் நாசில் (தூவல் முனை) இருபது என்றால் ஐந்து மணி நேரத்துக்கு 500 லிட்டர். போர் தண்ணீரின் உப்பு நாசிலை அடைக்கும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். இரவில் குழாயை வடிக்காவிட்டால் வெதுவெதுப்பான தேங்குநீரில் நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரும்.

மரம் எல்லாவற்றையும் வெல்லும், ஐந்தாறு வருடம் பொறுத்தால். புங்கன் முதல் தேர்வு: பழைய இலையை உதிர்த்துவிட்டு, வெயில் உச்சத்துக்கு முன்பே புதுத்தழை போர்த்திக்கொள்ளும். வேம்பும் அப்படியே. குல்மோகரைத் தவிர்க்கவும், வேர் மேலோட்டமானது, கிளை எளிதில் முறியும். ஒரு மீட்டர் நீள அகல ஆழக் குழி, ஐப்பசி மழைக்கு முன் நடவு, முதல் கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர் தண்ணீர். குழியைச் சுற்றிச் சிமென்ட் பூசிவிட்டால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. நகரத்தில் கன்றுகள் சாகும் வழி பெரும்பாலும் இதுதான். கூண்டுக் கம்பியை மூன்றாம் வருடம் கழற்றவில்லை என்றால் பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும்.

பந்தல் போடும் அன்றே அதன் மேற்கு விளிம்புக்கு வெளியே இரண்டு புங்கன் வைத்துவிடலாம். அவை நான்கு மீட்டர் எட்டும் கோடையில் முதலில் கழற்ற வேண்டியது மேற்குத் தட்டியை.