தைப்பிங்கில் 26 நாள்: குடியேறலாமா, வேண்டாமா?

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ஊருக்கு ஐந்துக்கு நாலு. எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த ஏஜெண்டுக்கு ஒன்று, அதுவும் ரயிலடிக்கு நேரத்துக்கு வந்து நின்றதற்காக.

எனக்கு 58, மனைவிக்கு 55. மகள் மலேசியாவில், பினாங்கில் வேலை பார்க்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் தலையில் ஏறி உட்காரக் கூடாது என்பது எங்கள் கணக்கு. பினாங்கு நெரிசலில் இரண்டு நாள் சுற்றியதுமே அம்பத்தூரிலேயே இருந்திருக்கலாமே என்று தோன்றிவிட்டது. தைப்பிங் அங்கிருந்து தெற்கே, பேராக் மாநிலத்தில், பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். இந்தியர்கள் இப்போது மலேசியாவில் 30 நாள் விசா இல்லாமல் தங்கலாம் என்பதால் ஓட்டல் வேண்டாம் என்று ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு பிடித்தோம். துணி துவைத்து, குப்பை போட்டு, மார்க்கெட்டுக்குப் போய் வாழ்ந்து பார்த்தால்தானே ஊர் எப்படி என்று தெரியும்.

முதல் விஷயம் மழை. சென்னையில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் சுமாருக்குப் பெய்கிறது, இங்கே 4,000 வாக்கில். ஊருக்குப் பின்னாலேயே புக்கிட் லாருட் மலை சுவர் மாதிரி நிற்கிறது, கடல் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்று அதில் முட்டி மேலே ஏறி அப்படியே கொட்டிவிடுகிறது. மத்தியானம் மூன்று, மூன்றரைக்கு மலை உச்சி காணாமல் போகும். மளிகைக்கடை அம்மா அதைப் பார்த்துவிட்டு "இன்னும் அரை மணி நேரம்" என்பார், சரியாக இருக்கும். எத்தனை மணிக்கு மழை வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டுவார்களாம், நம்பலாம் போலத்தான் இருக்கிறது. எட்டாம் நாள் பீரோவைத் திறந்தால் என் தோல் பெல்ட்டில் திருநீறு பூசினாற்போலப் பூஞ்சை. துவைத்த துணி மூன்று நாள் ஆகியும் ஒரு வாடை விடவே இல்லை. மூட்டுவலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், என் மனைவி இரண்டாம் வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அந்த மழைதான் ஏரித் தோட்டத்தையும் அப்படி வைத்திருக்கிறது. வெள்ளீயம் தோண்டிவிட்டுப் போட்ட பள்ளங்களை 1880இல் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். கரையில் வரிசையாக நம்ம ஊர் தூங்குமூஞ்சி மரங்கள்தான், ஆனால் இவ்வளவு பெரிசாக நான் பார்த்ததில்லை. கிளைகள் சாலையைத் தாண்டி எட்டிப்போய் ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன, கிளை முழுக்கப் பெரணி முளைத்திருக்கிறது. காலை ஆறரைக்கு இன்னும் இருட்டுதான், ஏழரைக்குப் போனால் நடப்பவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் சத்தம்.

தைப்பிங் என்ற சீனப் பெயருக்கே நிலைத்த அமைதி என்று பொருள். சுரங்கத்துக்காகச் சீனக் குழுக்கள் வெட்டிக்கொண்டு, 1874இல் பாங்கோர் ஒப்பந்தத்தோடு அடங்கிய பிறகு வைத்த பெயர். இப்போது ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எங்கள் தெருவில் கேட்டது தவளைதான். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம், தாத்தா ரயில் வேலைக்கு வந்தவராம். மலாயாவின் முதல் ரயில் 1885இல் இங்கிருந்துதான் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது, பாதை போட இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர் தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். முதல் நாள் விழித்தேன், அப்புறம்தான் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார் எனப் புரிந்தது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. தோசை, ரொட்டி சானாய், செண்டோல் எல்லாம் நடக்கிற தூரத்தில். ஆனால் மற்ற எதற்கும் வண்டி வேண்டும், பஸ்ஸை நம்பிப் பிழைக்க முடியாது, மழை நேரத்தில் கிராப் என்கிற ஆப் டாக்சி கிடைக்காது. அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். பெரிய சிகிச்சை என்றால் பினாங்குதான்.

இனி ஏஜெண்ட் கதை. "விசா ஒண்ணும் பிரச்சனை இல்லை சார்" என்று போனில் பத்து தடவை சொன்னவர், விதிகள் இருக்கிற காகிதத்தைக் கையில் கொடுத்தது இருபதாம் நாள். வெளிநாட்டவர் நீண்ட காலம் தங்குவதற்கான எம்எம்2எச் (மலேசியா மை செகண்ட் ஹோம்) திட்டத்தில் கீழ்ப்படியான சில்வருக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, நம் காசில் ஒன்றேகால் கோடிக்கு மேல். அதில் பாதி வரை பிறகு எடுக்கலாம், சரி. கூடவே குறைந்தது 6,00,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) வீடு வாங்கியாக வேண்டும். கிடைப்பது ஐந்து வருஷ விசா, புதுப்பிக்கலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் ஏறி இறங்கிய தரைவீடுகளில் பெரும்பாலானவை அந்த விலையில் பாதிக்குள்தான் இருந்தன. மலிவான ஊர் என்று தேடி வந்தால், விதியைக் காப்பாற்ற நமக்குத் தேவையில்லாத பங்களாவை வாங்கிப் போட வேண்டும். இதை முதல் போனிலேயே சொல்லியிருந்தால் பத்து வீட்டுக்குச் செருப்பைக் கழற்றி மாட்டியிருக்க மாட்டோம். உரிமம் பெற்ற ஏஜெண்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி, அதனால் ஏஜெண்டே வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன்னாலேயே இந்த இரண்டு தொகையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் இருப்பவர்களுக்கு, மழை பிடித்தவர்களுக்கு, கார் ஓட்டுபவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். எங்களுக்கு விசா கட்டுப்படியாகவில்லை. அதனால் இப்போதைக்கு விருந்தாளியாகவே போய் வருவதாக முடிவு. பிப்ரவரிக்கு அதே தெருவில் வேறு வீடு பேசியிருக்கிறோம், துணி உலர்த்தும் மெஷின் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகு.